முதலில் சத்தத்தைக் குறைச்சுப் பாருங்கோ

ஹெட்போன் விமர்சனம் எண்டு யூடியூப்பில் வாறதுகளில் பாதி, ஏசி போட்ட அறைக்குள்ள இருந்து செய்யப்படுபவை. அமைதியான அறை, வசதியான கதிரை, பின்னால் ஒரு நீல வெளிச்சம். பேஸ் எப்படி, ட்ரெபிள் எப்படி, சவுண்ட்ஸ்டேஜ் எவ்வளவு அகலம் எண்டு பத்து நிமிசம் கதைப்பினம். சொல்லுறது பிழை இல்லை. ஆனால் நாங்கள் பாட்டுக் கேட்கிற இடம் அது இல்லையே. வன்னிப் பெடி பெட்டையள் ஹெட்போன் அதிகம் போடுற இடம் பஸ். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு, வவுனியாவிலிருந்து இரவிரவாகக் கொழும்புக்கு. ஜன்னல் திறந்து கிடக்கும், என்ஜின் இரையும், டிரைவர் அண்ணை தன்ர பங்குக்கு வேற ஒரு பாட்டுப் போட்டிருப்பார்.

அதனால் ஒரு ஹெட்போனை எடுத்தால் எங்கட முதல் கேள்வி பேஸ் பற்றியது இல்லை. இந்த பஸ்ஸுக்குள்ள, எவ்வளவு குறைஞ்ச சத்தத்தில் ஒரு பாட்டை முழுசாகக் கேட்க முடியுது? ஒலித்தரம், காதுக்கு இதம், உறுதி எல்லாத்தையும் இந்தக் கேள்வியை வைச்சுத்தான் அளக்கவேணும் எண்டு நாங்கள் நினைக்கிறம்.

கணக்கைப் பாருங்கோ. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 எண்டால் 20 மணித்தியாலம். 90 எண்டால் வெறும் 4 மணித்தியாலம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர், பஸ்ஸில் போய்வர மூண்டு மணித்தியாலமாவது வேணும். 90 டெசிபலில் கேட்டுக்கொண்டு போனால் திங்கட்கிழமை போய்வந்து, செவ்வாய் காலை யாழ்ப்பாணம் சேர முன்னமே அந்த வாரக் கணக்கு முடிஞ்சிடும். உள்காதில் இருக்கிற நுண்மயிர்க் கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது. அது வலிக்கவும் மாட்டாது, அதுதான் பிரச்சினை.

சத்தத்தை ஏன் கூட்டுறம்? பாட்டு போதாமல் இல்லை, வெளிச்சத்தம் உள்ளுக்கு வாறதால். காதுத் துவாரத்தை மூடாமல் சும்மா தொங்கிக்கொண்டு இருக்கிற பட்ஸ், அது எந்தப் பெரிய கம்பனியுடையதாக இருந்தாலும், பஸ்ஸுக்கு ஆகாது. ரப்பர் முனை வைச்ச ஹான்ட்ஸ்ஃப்ரீ நல்லது. பெட்டிக்குள்ள மூண்டு அளவில் ரப்பர் தந்திருப்பாங்கள், பலர் நடு அளவோட விட்டிடுவினம். இடது காதுக்கும் வலது காதுக்கும் வேற வேற அளவு தேவைப்படலாம். "பேஸ் இல்லை, காசு வீண்" எண்டு கடைக்காரரோட சண்டை பிடிக்க முன்னம், ரப்பரை மாத்திப் பாருங்கோ. காற்றுப் போக இடம் இருந்தால் பேஸ்தான் முதலில் வெளியேறும்.

இனி ஒலித்தரம். 2010களில் ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஒலிவ் குழுவினர் நிறையப் பேருக்கு வேறுவேறு ஒலிச்சமநிலைகளைக் கேட்கக் குடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலானோர் விரும்பினது கொஞ்சம் தூக்கின பேஸும், குரல் தெளிவாக நிற்கிற நடுப்பகுதியும். அந்த அளவுகோலைச் சீனக் கம்பனிகள் பிடிச்சுக்கொண்டதால், மூன்ட்ரொப் சூ, செவன் ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஸீரோ மாதிரி ஏறத்தாழ 20 டொலர் வயர் ஹான்ட்ஸ்ஃப்ரீகள், பத்து மடங்கு விலைக்கு விக்கிறதுகளோடு ஒலியில் தைரியமாக மோதுது. எங்கட கருத்தில், காசு குறைவான ஒருவர் ப்ளூடூத்தைத் தேடி அலைய முன்னம் இதைத்தான் பார்க்கவேணும். போனில் ஜாக் இல்லாட்டி ஒரு சின்ன டொங்கிள் போதும்.

சோதிச்சுப் பார்க்க ஆங்கிலப் பாட்டு எதுவும் தேவையில்லை. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் பதிவு ஒண்டு போடுங்கோ. அவர் 1975 இல் காலமானவர், பதிவுகள் பழசு, இரைச்சலும் இருக்கும். இருக்கட்டும். தவிலின் வலந்தலையை விரலில் கூடு போட்டு அடிக்கிறது, தொப்பியைத் தடியால் அடிக்கிறது. ஒண்டு கூர்மை, மற்றது கனம். பேஸை ஊதிப்பெருக்கின ஹெட்போனில் தொப்பி வந்து வலந்தலைக்கு மேல ஏறி உட்காரும், விரல் வேலை கரைஞ்சு போகும். நல்லதில் இரண்டும் தனித்தனியாக விளங்கும், அதுவும் சத்தம் குறைவாக வைச்சால்கூட. அடுத்தது நாதஸ்வரம். மேல் ஸ்தாயியில் காதைக் குத்தினால் ட்ரெபிள் கூடிப்போச்சு எண்டு அர்த்தம். மூண்டாவது, முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை யாரோ போனில் பிடிச்ச பதிவு. அண்ணாவியார் குரலும் தாளமும் ஒண்டோடொண்டு மோதுற இடத்தில் சொல் பிடிபடுதோ எண்டு பாருங்கோ. மட்டமான பதிவையும் கேட்கக்கூடியதாகத் தாறதுதான் எங்களுக்கு உதவும். எங்கட ஊர்ப் பதிவுகள் கனக்க அப்படித்தான் இருக்கு.

வெளி இரைச்சலை அழிக்கிற ஹெட்போன்கள் பற்றியும் சொல்லவேணும். 1978 இல் ஒரு விமானப் பயணத்தில் பாட்டு விளங்காமல் போனபோது அமர் போஸ் யோசிச்ச விசயம் அது. இந்தாள் அமெரிக்கர், ஆனால் தகப்பன் வெள்ளைக்காரனுக்கு எதிராக நிண்டு, வங்காளத்தை விட்டுத் தப்பி ஓடினவர். 2000 ஆம் ஆண்டு அது சாதாரண ஆக்கள் வாங்கிற சாமானாக வந்தது. வெளிச்சத்தத்தை ஒரு மைக் கேட்டு, அதுக்கு நேர் எதிரான அலையை உள்ளுக்கு விடும். தொடர்ந்து வாற கனத்த இரைச்சலில்தான் இது நல்லாக வேலை செய்யும். அதாவது பஸ் என்ஜின். கொண்டக்டர் "இறங்குங்கோ" எண்டு கத்துறது கேட்கத்தான் செய்யும். சத்தத்தைக் குறைக்க உதவுறதால், காசு இருக்கிறவைக்கு இது ஆடம்பரம் இல்லை எண்டே சொல்லுவம்.

ஆனால் ஒண்டு. யாழ்தேவி 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பினது. காவலில்லாத கடவைகள் வன்னியில் இப்பவும் இருக்கு. ரயில் வாற அந்தக் கனத்த இரைச்சலைத்தான் இந்த ஹெட்போன் முதலில் அழிக்கும். நடக்கேக்க, சைக்கிளில் போகேக்க, தண்டவாளத்துக்குக் கிட்ட, இரண்டு காதிலயும் இருந்து கழட்டுங்கோ. வெளிச்சத்தத்தை உள்ளுக்கு விடுற மோட் இருக்கு எண்டு நம்பிப் போகவேண்டாம். யானை வாற றோட்டுகளுக்கும் இதுதான்.

காதுக்கு இதமோ எண்டதை வெளிநாட்டு விமர்சகர் நிறையை வைச்சுச் சொல்லுவார், சோனி எக்ஸ்எம்5 250 கிராம் எண்டு. எங்களுக்கு நிறையை விட வேர்வை பெரிசு. சித்திரை வெயிலில் காதை முழுசாக மூடுற ஹெட்போனை அரை மணித்தியாலம் போட்டால் உள்ளுக்குக் குளம்தான். அந்தச் செயற்கைத் தோல் வெக்கையிலும் ஈரத்திலும் உரிஞ்சு, கறுப்புச் செதிலாகக் கன்னத்தில் ஒட்டும். கண்ணாடி போடுறவைக்குக் காம்பு வழியாகக் காற்றுப் போகும், பேஸும் அதோட போகும். தோடு போட்ட காதுக்கு அழுத்துற ஹெட்போன் ஒரு தண்டனை. இந்த மூண்டையும் பற்றி விமர்சனங்களில் வாறது குறைவு, தோட்டைப் பற்றி நாங்கள் ஒண்டும் பார்க்கேல்லை. நோகுது எண்டு தளர்த்திப் போட்டால் வெளிச்சத்தம் உள்ளுக்கு வரும், கை தானாகச் சத்தத்தைக் கூட்டும். இதம் வெறும் சொகுசு இல்லை எண்டது அதனால்தான். வீட்டில் பின்னேரம் காற்றோட்டமாகக் கேட்க, 1984 இலிருந்து விக்கிற கொஸ் போர்ட்டா ப்ரோ மாதிரி மெல்லிய பஞ்சு வைச்ச திறந்த வகை சுகம். பஸ்ஸுக்கு அது உதவாது. ரப்பர் முனை வகையை, கிணத்தடியில் குளிச்ச ஈரக் காதுக்குள்ள உடனே செருகவேண்டாம்.

உறுதியைப் பற்றிக் கதைக்க எங்கட வீட்டுப் பெரியாக்களை விடத் தகுதியானவை இல்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி வன்னிக்குள்ள வர விடேல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில் றேடியோவும் கசற்றும் கேட்ட சனம் இது. சுத்துற கை களைச்சால் பாட்டு இழுபடும். பற்றரியை நம்பி ஒரு பொருளை வாங்கிறது எவ்வளவு பலவீனம் எண்டு அவைக்குத் தெரியும். இண்டைக்கு வாற வயர் இல்லாத பட்ஸ் கனக்கவற்றில் பற்றரியை மாத்த ஏலாது. இரண்டு மூண்டு வருசத்தில் அரை மணித்தியாலம்கூட நிக்காமல் போனால், ஒலி எவ்வளவு நல்லாக இருந்தாலும் குப்பைதான்.

விலையையும் நினைச்சுப் பாருங்கோ. 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதம் 360 ஐத் தொட்டது. அதே மே மாதம்தான் எக்ஸ்எம்5 400 டொலருக்கு வந்தது, வரி சேராமலே ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதுவும் முந்தின எக்ஸ்எம்4 மாதிரி மடிச்சுச் சுருக்க ஏலாது, 2025 இல் வந்த எக்ஸ்எம்6 தான் திரும்ப மடிஞ்சது. பஸ் பைக்குள்ள சோத்துப் பெட்டிக்கும் புத்தகத்துக்கும் இடையில் நசியிற சாமானுக்கு மடிப்பு முக்கியம். இதுக்கு எதிர்ப்பக்கம், 1988 இல் வந்த சென்ஹைசர் எச்டி 25. வயர், காதுமெத்தை, ஸ்பீக்கர், தலைப்பட்டி எல்லாம் தனித்தனியாகக் கழட்டி மாத்தலாம். காதை அழுத்தும், அழகும் இல்லை. ஆனால் உறுதி எண்டால் எங்களுக்கு அதுதான். மலிவிலயும் இதைப் பார்க்கலாம், ஸீரோவில் வயரைக் கழட்டி மாத்தலாம், முதல் வந்த சூவில் ஏலாது. இரண்டில் ஸீரோவைத்தான் எடுப்பம்.

கடைசியாக, விமர்சனங்கள் கண்டுகொள்ளாத ஒரு கூட்டம். செல் விழுந்து ஒரு காது கேளாமல் போனவை எங்கட ஊரில் எத்தினை வீட்டில் இருக்கினம் எண்டு உங்களுக்கே தெரியும். அவைக்கு அகலமான சவுண்ட்ஸ்டேஜ் ஒண்டும் செய்யாது. ஸ்டீரியோப் பாட்டில் மற்றப் பக்கம் போற வயலின் அவைக்கு இல்லாமலே போகுது. அன்ட்ரொய்ட், ஐபோன் இரண்டிலும் அணுகல்தன்மை அமைப்புக்குள்ள மோனோ ஓடியோ எண்டு ஒரு சுவிச் இருக்கு. அதைப் போட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து நல்ல காதுக்கு வரும். செவிப்பறை மட்டும் பாதிச்சு உள்காது நல்லாக இருந்தால், எலும்பு வழியாக ஒலி கடத்துற ஹெட்போன் உதவக்கூடும். உள்காதே போனவைக்கு அது உதவாது, காதால் சீழ் வாறவை ரப்பர் முனையைச் செருகவும் கூடாது. எது எண்டு ஆஸ்பத்திரிக் காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் பார்த்துச் சொல்லுவினம். மாமாவின்ர போனை வாங்கி மோனோ சுவிச்சைப் போட்டுக் குடுக்க ஒரு நிமிசம் போதும்.