ஜெய்சல்மேர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை



டிசம்பரில் நானும் வீட்டு அம்மாவும் ராஜஸ்தான் போய் வந்தோம். அது தெரிந்ததிலிருந்து, "சார், ஜெய்சல்மேரில் கோட்டைக்குள்ளேயே தங்கலாமாமே, நல்ல இடம் சொல்லுங்கள்" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். கோட்டையை அவசியம் பாருங்கள், ஆனால் உள்ளே தங்காதீர்கள் என்பதே என் பதில்.

1156இல் ராவல் ஜெய்சல் எழுப்பத் தொடங்கிய கோட்டை அது. மஞ்சள் மணற்கல், வெயில் பட்டால் பொன்னாக மின்னும். மற்ற கோட்டைகளைப் போல வெறும் காட்சிப் பொருள் அல்ல. இன்றும் சில ஆயிரம் பேர் உள்ளே குடியிருக்கிறார்கள். வீடு, கடை, சமணக் கோயில் எல்லாம் உண்டு.

அந்த ஊருக்கு ஆண்டு மழையே ஏறத்தாழ 200 மி.மீ. தான். சென்னையில் பெய்வதில் ஏழில் ஒரு பங்கு. குழாய் வருவதற்கு முன், கீழே இருக்கும் கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து மேலே ஏறினார்கள். சுமந்து வந்த தண்ணீரை யாராவது வீணாக்குவார்களா? அந்தச் சிக்கனத்துக்கு ஏற்றபடிதான் கோட்டையில் வடிகால் அமைத்திருந்தார்கள்.

பிறகு குழாய் வந்தது, விடுதிகள் வந்தன. வெயிலில் சுற்றிவிட்டு வரும் நாம் இரண்டு வேளை ஷவரில் குளிக்கிறோம். பழைய வடிகால் தாங்காமல் கழிவுநீர் மண்ணுக்குள் கசிகிறது. குன்று மணற்கல்லும் களிமண்ணும் கலந்தது. ஈரம் ஏறினால் இளகும். கொத்தளங்கள் சில சரிந்தே போயிருக்கின்றன. எண்ணூறு ஆண்டுகள் படையெடுப்புகளைத் தாங்கிய கோட்டையை இன்று அரிப்பது தண்ணீர்.

"அங்கே விடுதி நடத்துகிறவர்கள் பிழைக்க வேண்டாமா?" என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. பகலில் போய் உள்ளே சாப்பிடுங்கள், கடைகளில் வாங்குங்கள், உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். இரவு கீழே ஊருக்குள் தங்குங்கள். ஆனால் தனி மனிதரின் மனச்சாட்சியை மட்டும் நம்பினால் போதாது. 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டை இது, வடிகாலைச் சீராகப் பராமரிக்கும் பொறுப்பு அரசுக்கும் உண்டு.

சம் மணல்மேட்டுக்குப் போகும் வழியில் குல்தரா என்ற ஆளில்லாத ஊர் இருக்கிறது. பேய்க்கதை சொல்வார்கள். கேட்டுவிட்டு, அங்கே வாழ்ந்த பாலிவால் மக்களின் 'கடின்' முறையைப் பற்றியும் கேளுங்கள். சரிவின் அடியில் மண்கரை போட்டு, ஓடிவரும் மழைநீரைத் தேக்கி, அது ஊறிய ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விளைவித்தவர்கள் அவர்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பேயைவிட இதை விளக்கிச் சொல்லுங்கள். ஏரி, குளங்களைத் தூர்த்து வீடு கட்டும் நம் ஊர்க்காரர்களுக்கு அது நல்ல பாடம்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்