பேக்கரிக்குப் போனால் எதைக் கேட்பது?

ஊருக்கு ஒரு பண்டம் என்பது நம் பக்கத்து வழக்கம். நெல்லைக்கு அல்வா, திருவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய். இவற்றுள் பால்கோவா 2019 ஆம் ஆண்டிலும், கடலைமிட்டாய் 2020 ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. அவ்வாறே தூத்துக்குடிக்குப் பெருமை சேர்ப்பது மக்ரூன்.

தென்காசியிலும் குற்றாலத்திலும் வாழும் நாம், ஆகஸ்ட் 5 அன்று நடைபெறும் பனிமய மாதா திருவிழாவுக்கோ, உறவினர் வீட்டு விசேஷத்துக்கோ, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்து அத்துறைமுக நகருக்குப் போகிறோம். அங்குள்ள பேக்கரியில் நுழைந்ததும் நம்மில் பலருடைய விரல் எதைச் சுட்டுகிறது? எந்த ஊரிலும் கிடைக்கும் வண்ணக் கிரீம் கேக்கை! இது முறைதானா என்று தோழியர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மக்ரூனுக்கு வேண்டியவை மூன்றே: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு. மைதாவும் இல்லை, வெண்ணெயும் இல்லை. வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைக்கிறார்கள். நீர் வற்றி நுரை உலர்ந்து நிற்பதால்தான் அது நாவில் பட்டதும் கரைந்து போகிறது. 16 ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துகீசியர் வழியாக இப்பண்டம் வந்தது என்பர். ஐரோப்பாவில் பாதாம் சேர்ப்பார்கள். நம்மவர்கள் முந்திரியைச் சேர்த்துத் தமதாக்கிக் கொண்டார்கள். அம்முந்திரியும் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டு வந்ததே. நம் பாட்டிமார் 'அண்டிப்பருப்பு' என்பார்களே, அதுதான்!

கேக் மீது எங்களுக்குப் பகை இல்லை. 1883 ஆம் ஆண்டில் தலச்சேரி மாம்பள்ளி பாபு என்பவர், ஓர் ஆங்கிலேயர் கேட்டதற்காக, உள்ளூர்ப் பொருள்களையும் சேர்த்துக் கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்று சொல்லப்படுகிறது. அயல் பண்டத்துக்கு நம் மண்ணின் மணத்தை ஊட்டிய திறமை அது. நாம் கண்மூடி வாங்கும் கிரீம் கேக்கில் அத்தகைய மணம் உண்டா?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கேக்கை முழுதாக வாங்க வேண்டும். மக்ரூனை எடை போட்டு 100 கிராமும் வாங்கலாம். இன்று பிறந்தநாள் என்றாலே கேக் என்றாகிவிட்டது. பெரிய கேக் வாங்க வசதியில்லாத தோழியருள் சிலர், அன்றைக்கு வகுப்புக்கே வராமல் இருந்துவிடுகிறார்கள். ஒரு தின்பண்டம் ஒரு பெண்ணை வெட்கப்பட வைக்கலாமா? தலைக்கு ஒரு மக்ரூன் கொடுத்து வாழ்த்துப் பெற்றால் மகிழ்ச்சி குறைந்தா போகும்?

எனவே, அடுத்த முறை தூத்துக்குடிக்குப் போகும் தோழியருக்குச் சில யோசனைகள்:

முதலில் மக்ரூனைக் கேளுங்கள். முந்திரி போட்டதுதானா, என்று செய்தது என்று தயங்காமல் விசாரியுங்கள். கையில் எடுத்தால் இலேசாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும், பிசுபிசுத்தால் வேண்டாம். நம் ஊர்ச் சாரல் காற்று அதற்கு ஆகாது. ஆகையால் இறுக மூடும் டப்பாவில் கொண்டு வாருங்கள். முட்டை சாப்பிடாத தோழியை மறந்துவிடாதீர்கள். வரும் வழியில் அவளுக்காக நெல்லையில் கொஞ்சம் அல்வா வாங்குங்கள்.

வாங்குவோர் கேட்பதைத்தான் விற்போர் செய்வார்கள். நாம் கேட்காவிட்டால், நுரையடித்துக் கூம்பு பிழியும் கைத்தொழிலைக் கற்க நாளை யார் முன்வருவார்? நாம் கொடுக்கும் சில ரூபாய் அத்தொழிலாளியின் அடுப்பை அணையாமல் காக்கட்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி