சுவரை இடித்து மரம் வளர்ப்பதா?

சுவர் இருந்தாலன்றோ ஓவியம் எழுதலாம்? இவ்வெளிய உண்மையை மறந்தார்க்கு மரஞ்செடிகளே விடை சொல்லி நிற்கின்றன.

மரத்தைக் கூழாக்கித் தாள் செய்யவும், கட்டையிலிருந்து எத்தனால் வடிக்கவும் முனைந்த ஆலைத் தொழிலார்க்குக் கண்ணறைச் சுவர் ஓர் இடையூறாகவே தோன்றுகின்றது. செல்லுலோசு நார்களுக்கிடையே செறிந்து சுவரை இறுக்கும் இலிக்னின் அவர்தம் முதற்பகை. அதனை ஆக்கும் மரபணுவை அடக்கிவிட்டால் எல்லாம் எளிதாகிவிடுமாம்! ஊதியத்தையே அளவுகோலாகக் கொண்டார் கணக்கு இது. மரத்தின் கணக்கோ வேறு.

1665-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இராபர்ட்டு ஊக்கு தக்கைச் சீவலில் கண்ட சிற்றறைகள், உயிர் நீங்கிய வெறுஞ்சுவர்களே. ஆயினும் உயிருள்ள கண்ணறையில் சுவர் எழும் ஒழுங்கு வியப்புக்குரியது. அராபிடாப்சிசு என்னும் கடுகினச் சிறு செடியில் செல்லுலோசு நூற்கும் நொதிகளுக்கென 10 மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் 1, 3, 6 என எண்ணிட்டவை, வளரும் கண்ணறைக்கு நெகிழுந் தன்மையுள்ள முதற்சுவரை எழுப்புவதில் முதன்மையானவை. 4, 7, 8 என எண்ணிட்டவை, வளர்ச்சி முடிந்தபின் உட்புறத்தே தடித்த இரண்டாஞ்சுவரை எழுப்புகின்றன. நூற்கும் நொதிகள் நுண்குழல்களைத் தடமாகக் கொண்டு நகர்வதை 2006-இல் ஆய்வாளர் உயிருள்ள கண்ணறையிலேயே கண்டனர்.

இரண்டாஞ்சுவருக்குரிய அம்மூன்றில் ஒன்று பழுதுற்றாலும் என்னாகும்? இலைகள் மேலிழுக்கும் நீரின் இழுவையைத் தாங்கமாட்டாது நீர்க்குழல் உள்நோக்கி நசுங்கும். செடி குன்றும். இலிக்னினை அளவிறந்து குறைத்தாலும் இதே கேடுதான்.

பெல்சியத்தில் இலிக்னின் ஆக்கும் மரபணு ஒன்றை அடக்கிய பாப்லார் மரங்களை வயலில் வளர்த்துப் பார்த்தனர். 2014-இல் வெளிவந்த முடிவு யாது? மிகுதியாக அடக்கப்பட்ட மரங்களில், ஒரே எடைக் கட்டையிலிருந்து வடித்த எத்தனால் பெருகிற்று. மரத்தின் வளர்ச்சியோ சுருங்கிற்று. ஒரு கையால் ஈட்டியதை மறு கையால் இழப்பது ஆக்கமாகுமா?

மரபணு ஆராய்ச்சியே கூடாது என்பதன்று இதன் பொருள். அவ்வாராய்ச்சியே நல்வழியும் காட்டியுள்ளது. அதே மரபணுவை இழந்து குறளாகிப்போன அராபிடாப்சிசுச் செடியில், அதனை நீர்க்குழற் பகுதிக்கு மட்டும் மீட்டளித்தபோது செடி மீண்டும் ஓங்கி வளர்ந்ததை 2018-இல் காட்டினர். எங்கே இறுக்கம் வேண்டும், எங்கே தளர்வு தகும் என்றறிந்து செய்வதே அறிவு. கண்ணை மூடிக்கொண்டு அடக்குவது அறிவாகாது.

எந்தச் சுவர் எதனைத் தாங்குகின்றது என்று உசாவாமல் கடப்பாரை எடுப்பவன் கொத்தனல்லன். மரத்தைக் கட்டையாக மட்டுமே எடைபோடுவோர், அது முதலில் நின்று வாழவேண்டிய உயிர் என்பதை உணர்வாராக!