கட்டாத வரியைக் கேட்கலாமா?

பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கடைகளின் விலையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒருமுறை எறையூர் சிப்காட் பக்கம் போய்வர வேண்டும். 2023 நவம்பரில் அங்கே ஒரு காலணித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. க்ராக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் காலணிகள் அங்கே தயாராகின்றன. களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் போய்க்கொண்டிருந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகள் இன்று அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறார்கள். மாதம் பிறந்தால் கணக்கில் சம்பளம் ஏறுவது எங்கள் வானம் பார்த்த பூமிக்குப் புதிய பழக்கம். அமெரிக்காவில் ஒரு ஜோடிச் செருப்பு விலை ஏறி விற்காமல் கிடந்தால், அது எங்களுக்கு வீட்டு விஷயம்.

2025 ஆகஸ்ட் 7 அன்று இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக, ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதவீதம் சேர்ந்து 50 ஆனது. இந்த வரியை இந்தியா கட்டுவதாக நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கட்டுவது அமெரிக்காவில் சரக்கை இறக்குகிறவர். அவர்தான் அந்த நாட்டு அரசிடம் பணத்தைக் கட்ட வேண்டும். கட்டியபிறகு அந்தச் சுமையை எந்தப் பக்கம் இறக்கிவைப்பது என்பதுதான் அங்கே பெரிய கடைகள் எல்லாம் சந்தித்த கேள்வி. முன்னால் நிற்கிறவர் வாங்குகிறவர். பின்னால் நிற்கிறவர் செய்து கொடுத்தவர். நடுவில் கடைக்காரரின் சொந்த லாபம்.

மற்ற நாடுகள் மீதும் வரி போட்டிருந்ததால், இந்தக் கேள்வி இந்தியா மீதான இந்த 25 சதவீத வரிக்கு முன்பே எழுந்துவிட்டது. 2025 மே மாதம் வால்மார்ட் என்ற பெரிய அமெரிக்கக் கடை நிறுவனம், வரிகளால் விலையை ஏற்றவேண்டி வரும் என்று வெளிப்படையாகச் சொன்னது. உடனே அதிபர் டிரம்ப், சீனாவும் வால்மார்ட்டுமே அந்த வரியைத் தாங்கிக்கொள்ள வேண்டும், மக்கள் தலையில் கட்டக் கூடாது என்று கண்டித்தார். அதற்கு ஒரு மாதம் முன்னால், ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் அதில் வரி எவ்வளவு என்று அமேசான் காட்டப்போவதாக ஒரு செய்தி வந்தது. வெள்ளை மாளிகை அதைப் பகைமைச் செயல் என்றது. அமேசான் அன்றே, அப்படி எதுவும் செய்யப்போவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. வரி போட்டவர்களுக்கு அது வெளியே தெரிவதில் விருப்பமில்லை. மறைத்துவைப்பதில் கடைக்கும் ஒரு வசதி உண்டு. என்ன விலை சொன்னாலும் பழியைத் தூக்கி வரியின் மேல் போட்டுவிடலாம்.

கடைக்காரர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லவேண்டும். வால்மார்ட் 2025 ஜனவரியோடு முடிந்த நிதியாண்டில் 68,000 கோடி டாலருக்கு மேல் வரவு பார்த்தது. நிகர லாபம் அதில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. மளிகை வியாபாரம் எங்கேயும் இப்படித்தான், அளவில்தான் காசு. அப்படிப்பட்டவரிடம் ஐம்பது சதவீத வரி முழுவதையும் நீயே சுமந்துகொள் என்று சொல்வது நடக்காத காரியம். அவர் அந்தப் பொருளை வாங்குவதையே நிறுத்திவிடுவார். அதில் முதலில் வேலை இழப்பது எறையூரில் இருப்பவர்களாகவும் இருக்கலாம்.

ஆகவே, கட்டிய வரியில் ஒரு பங்கைக் கடை வாங்குகிறவரிடம் கேட்பதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். கட்டாத வரியைக் கேட்பதுதான் தவறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பணம் சிறியதல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஜோடிச் செருப்பின் இறக்குமதி மதிப்பு 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அது கடையில் 40 டாலருக்கு விற்கிறது. கப்பல் கூலி, கிடங்கு, விளம்பரம், வாடகை, சம்பளம், லாபம் எல்லாம் சேர்ந்த விலை அது. சுங்கவரி போடுவது அந்த 10 டாலர் மீதுதான். ஐம்பது சதவீதம் என்றால் 5 டாலர். கடை தன் விலையை 45 ஆக்கினால் கட்டியதைக் கேட்கிறது. ஆனால் பெரிய கடைகள் லாபத்தைச் சதவீதமாகவே வைத்துப் பழகியவை. அடக்க விலை 15 ஆகிவிட்டது, நான்கு மடங்கு வைத்தால் 60 என்று போட்டால், 5 டாலர் வரிக்கு 20 டாலர் வசூலாகிவிடும். வரி போட்ட அரசுக்கு 5 போகும். மீதி 15 யாருடையது? ‘ஐம்பது சதவீத வரி’ என்று காதில் விழுந்த வாடிக்கையாளர், விலையும் பாதி ஏறுவது நியாயம்தான் என்று நம்பிக் கொடுத்துவிடுவார்.

முன்னால் கேட்கத் தயங்கும் கடைகள் பின்னால் திரும்புகின்றன. அது இன்னும் மோசம். 2024-25இல் திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி 44,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. வரி வந்ததும் அங்கே வாங்குகிறவர்கள் தள்ளுபடி கேட்டார்கள். தைத்து முடித்த சரக்கை வைத்துக்கொண்டு ஏற்றுமதியாளர் என்ன பேரம் பேசமுடியும்? குறைத்துக் கொடுத்தார்கள். சில ஆர்டர்கள் நின்றுபோயின. பெரம்பலூர், அரியலூர் கிராமங்களிலிருந்து திருப்பூருக்குப் போய் வாடகை அறையில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அது ஓவர்டைம் இல்லாத வாரங்களாக வந்து சேர்ந்தது.

அதோடும் நிற்கவில்லை. அமெரிக்க வரியால் தவித்த ஜவுளித் தொழிலுக்கு உதவுவதற்காக மத்திய அரசு, வெளிநாட்டுப் பஞ்சு மீதிருந்த 11 சதவீத இறக்குமதி வரியை ஆகஸ்ட் 19 முதல் நிறுத்திவைத்தது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை என்று நீட்டித்தார்கள். மில்களுக்கு அது தேவைதான். ஆனால் தமிழ்நாட்டில் பருத்தி அதிகம் விளையும் மாவட்டங்களில் ஒன்று பெரம்பலூர். பருத்தி ஆராய்ச்சி நிலையமே எங்கள் வேப்பந்தட்டையில்தான் இருக்கிறது. மழையை நம்பி விதைத்து, காய் வெடித்துப் பஞ்சு எடுக்கும் நேரத்தில் வெளிநாட்டுப் பஞ்சு வரியில்லாமல் வந்து இறங்கியது. நடுத்தர இழைப் பருத்திக்கு 2025-26 பருவத்தின் ஆதார விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். நாட்டின் பல சந்தைகளில் விலை அதற்குக் கீழே போனது. அமெரிக்கக் கடையில் யாரோ சுமக்க மறுத்த சுமை கை மாறிக் கை மாறி, கடைசியில் கரிசல் காட்டில் மடியில் பஞ்சைக் கட்டிக்கொண்டு நிற்கும் அம்மாவின் தலைக்கு வந்துவிட்டது. பேரம் பேச முடியாதவர் யாரோ அவர்மேல்தான் வரி கடைசியில் உட்காரும். பெரிய கடைகளின் மீது எனக்கிருக்கும் முதல் கோபம் இதுதான். வாங்குகிறவரிடம் ஐந்து டாலர் கேட்பதைவிட, செய்து கொடுத்தவரிடம் அதைப் பிடுங்குவது பெரிய அநியாயம்.

இதெல்லாம் அமெரிக்காவின் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நம் அடுப்படியிலேயே இது நடந்தது. 2024 செப்டம்பர் 14 அன்று சமையல் எண்ணெய் மீதான இறக்குமதி வரியை மத்திய அரசு ஏற்றியது. பாமாயில், சோயா, சூரியகாந்தி ஆகிய கச்சா எண்ணெய்களுக்கு மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆனது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 13.75லிருந்து 35.75. அந்த வாரமே விலை ஏறியது. மூன்று நாள் கழித்து அரசு எண்ணெய் நிறுவனங்களை அழைத்து, பழைய வரியில் இறக்கிய சுமார் 30 லட்சம் டன் சரக்கு கையிருப்பில் இருக்கிறது, நாட்டின் 45 முதல் 50 நாள் தேவைக்கு அது போதும், அது தீரும்வரை விலையை ஏற்றாதீர்கள் என்று சொல்லவேண்டி வந்தது. ஐந்தரை சதவீதம் கட்டி வாங்கிய எண்ணெயை, இருபத்தேழரை கட்டியதாகச் சொல்லி விற்பதைத் தடுக்கத்தான் அந்தக் கூட்டம்.

அந்தச் சமயத்தில் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரிடம் விலையைக் கேட்டபோது அவர் சொன்னது: “இந்தப் பெட்டி பழைய விலைதான் சார், அதுல போட்டிருக்கிறதுக்கு மேல ஒரு ரூபா நான் வாங்கமாட்டேன். அடுத்த பெட்டி கம்பெனியிலயே ஏத்தித்தான் வருது, நான் என்ன பண்ணட்டும்?” அவரிடம் இருப்பது இரண்டு மூன்று பெட்டிச் சரக்கு. எம்.ஆர்.பி. என்ற ஒன்று நம் நாட்டில் இருப்பதால், சட்டைமேல் எழுதி ஒட்டியதுபோல அவர் விலை எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்தில் தொட்டி தொட்டியாக எண்ணெய் வைத்திருப்பவர் எந்த விலைக்கு வாங்கினார் என்பதை நாம் பார்க்க வழியில்லை. விலை ஏறும்போது நாம் சண்டை போடுவதோ சின்னக் கடைக்காரரோடு. இது எனக்கு எப்போதும் வலிக்கும் விஷயம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எண்ணெய் மீதான அந்த வரியை நான் எதிர்க்கவில்லை. நாம் தின்னும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. பாமாயில் மலிவாக வந்து குவிந்தால் இங்கே கடலையும் எள்ளும் போடுகிறவருக்கு விலை நிற்காது. விவசாயிக்குத் துணையாக வரி போட்டால் விலை கொஞ்சம் ஏறத்தான் செய்யும், ஏறாவிட்டால் அந்த வரியால் பயனே இல்லை. புதிய வரி கட்டி வந்த எண்ணெய்க்குக் கூடுதலாகக் கொடுக்க எனக்கு முழுச் சம்மதம். அந்தப் பணத்தால் வெளிச்சந்தையில் கடலைக்காவது விலை கிடைக்கும். பழைய சரக்குக்குக் கொடுத்த கூடுதல் பணம் எந்த விவசாயிக்கும் போகவில்லை, அரசுக்கும் போகவில்லை.

ஏறுவதற்கு இருக்கும் வேகம் இறங்குவதற்கு இருப்பதில்லை. 2025 மே 30 அன்று கச்சா சமையல் எண்ணெய் மீதான மொத்த வரியை 16.5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஏற்றும்போது அறிவித்த வாரத்திலேயே ஏறிய விலையை, இறக்குவதற்கு மட்டும் அரசு தனியாக ஆலோசனைக் கடிதம் எழுதி, வாரந்தோறும் விலைப்பட்டியலைத் தாருங்கள் என்று கேட்கவேண்டியிருந்தது. வரி குறைந்ததை மக்கள் கையில் உணர்ந்தால் எத்தனை காலம் நினைவில் வைப்பார்கள் என்பதற்குப் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் சாட்சி இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்கனை ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். ஒன்பது நூற்றாண்டு ஆகிவிட்டது.

ஜி.எஸ்.டி.யில் இதற்கென்று ஒரு சட்டமே இருந்தது. வரி குறைந்தால் அதன் பலனை விலையில் குறைத்துக் கொடுக்கவேண்டும் என்பது மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 171ஆம் பிரிவு. அதைக் கண்காணிக்க 2017இல் ஓர் ஆணையம் வைத்தார்கள். இந்துஸ்தான் யூனிலீவர் போன்ற பெரிய நிறுவனத்தின் மீதே, பலனை மக்களுக்குத் தராமல் 383 கோடி ரூபாய் வைத்துக்கொண்டதாக 2018இல் அது உத்தரவு போட்டது. 2022 முடிவில் அந்த ஆணையத்தைக் கலைத்து வேலையை வேறு அமைப்புக்கு மாற்றினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார்களே ஏற்கப்படுவதில்லை. ஆறு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாவற்றுக்கும் வரி 18லிருந்து 5 ஆனது. இவ்வளவு பெரிய குறைப்பு வந்த நேரத்தில் கேட்பதற்கு இருந்த கதவைச் சாத்திவைத்திருந்தோம். சுங்கவரிக்கு அந்தக் கதவு எப்போதுமே இருந்ததில்லை.

கட்டிய வரி திரும்பி வந்தால் அது யாருக்கு என்ற கேள்வியை அமெரிக்காவில் ஒரு வழக்கு எழுப்பியது. காஸ்ட்கோ என்ற பெரிய சில்லறை நிறுவனம், அதிபர் போட்ட வரிகள் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பானால் தான் கட்டிய வரியைத் திருப்பித் தரவேண்டும் என்று 2025 நவம்பர் கடைசியில் நீதிமன்றம் போனது. கேட்பது அவர்கள் உரிமை. இந்த மாதிரி வழக்குகளில் பணம் திரும்பினால், கட்டியவர் என்ற முறையில் அது இறக்குமதி செய்தவரின் கணக்குக்குப் போகும். எந்தெந்தக் கடை அந்த வரியை விலையில் ஏற்றி ஏற்கெனவே வாங்கிக்கொண்டதோ, அங்கே வாங்கியவரும் தள்ளுபடி கொடுத்த திருப்பூர்க்காரரும் அந்தப் பணத்தில் பங்கு கேட்க வழியில்லை. இறக்குமதி வரியை விலையில் சேர்க்கும்போதே பில்லில் தனியாக அச்சடித்தால், திரும்பி வரும் பணம் யாருடையது என்பதில் சண்டையே இருக்காது. அமேசான் பயந்து கைவிட்ட அந்த யோசனையைத்தான் நான் சட்டமாகப் பார்க்க விரும்புகிறேன், அங்கேயும் இங்கேயும்.

நம் அரசிடம் கேட்பது இவ்வளவுதான். சுங்கவரி மாறும் ஒவ்வொரு முறையும், பழைய சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெரிய நிறுவனங்கள் கணக்குக் காட்டட்டும். அது தீரும்வரை பழைய விலைக்கே விற்கட்டும். ஜி.எஸ்.டி.யில் மூடிய கதவைத் திறந்து, சுங்கவரிக்கும் அதே கதவைக் காட்டுங்கள். கூட்டம் போட்டு வேண்டுகோள் வைப்பது மட்டும் போதாது.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வரி மாறிய செய்தி வந்தால் அந்த மாதத்து மளிகை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். முந்தைய மாதத்து பில்லோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். குறையவேண்டிய விலை குறையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.