கிடங்கில் வைக்க முடியாத சரக்கு

மருந்து கொள்முதலில் பல மாநிலங்களுக்கு முன்னோடி தமிழ்நாடு. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்தது. அரசு மருத்துவமனைகளுக்கு பாஸ்புக் கொடுத்து, ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளச் சொன்னது.

மாத்திரையை இப்படி இருப்பு வைக்கலாம். மருத்துவரின் நேரத்தை?

அறுவை அரங்கு ஒரு மணி நேரம் சும்மா கிடந்தால், அது போனது போனதுதான். மயக்க மருந்து மருத்துவர் வரவில்லை, ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வரவில்லை என்று ஏதாவது ஒன்று தடைப்பட்டாலும் போதும்; மற்ற எல்லாம் தயாராக இருந்தும் அறுவை சிகிச்சை தள்ளிப்போகும். வெறும் வயிற்றோடு காத்திருந்த நோயாளி வார்டுக்குத் திரும்புவார்.

இந்தச் சிக்கலுக்கு மதுரையிலேயே விடை இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், அறுவை மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒன்றில் கண்புரை அகற்றப்படும்போதே அடுத்த நோயாளி மற்றொன்றில் தயாராகப் படுத்திருப்பார். முதல் அறுவை முடிந்ததும் மைக்ராஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பும். கண்ணைச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மருத்துவர் செய்வது, மருத்துவரால் மட்டுமே முடிந்த வேலை.

இந்த வேலைச் சங்கிலி அரங்கில் தொடங்குவதில்லை. ஊர்களில் நடத்தும் கண் முகாமில் தொடங்குகிறது. "பிறகு வாருங்கள்" என்று அனுப்பினால் பலர் வருவதில்லை. பேருந்துக் கட்டணம், சாப்பாடு, துணைக்கு ஆள் என்று எத்தனையோ தடைகள். எனவே, முகாமில் தேர்வானவர்களை அன்றே மருத்துவமனைப் பேருந்தில் அழைத்து வருகிறார்கள். கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸின் விலை எட்டாததாக இருந்ததால், 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸையும் மதுரையிலேயே தயாரித்தார்கள்.

கண்புரை ஒரே மாதிரியான அறுவை. விபத்துப் பிரிவை இப்படி நடத்த முடியாது என்பது நியாயமான வாதம். ஆனால், ஸ்கேன், டயாலிசிஸ், நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. அங்கே கூடுதல் கருவி வாங்குவதற்கு முன், இருக்கும் கருவி எத்தனை மணி நேரம் ஓடுகிறது, யாருக்காக நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

மருந்து இருப்பைக் கணக்கில் வைத்திருக்கும் அரசு, ஓ.பி. சீட்டு வாங்கியதிலிருந்து அறுவை மேசைக்குப் போகும்வரை நோயாளி எத்தனை நாள் காத்திருக்கிறார் என்பதையும் மருத்துவமனை வாரியாகக் கணக்கெடுத்து, மாதந்தோறும் வெளியிட வேண்டும்.