வளர்ப்பு மீனும் ஜனங்களின் க்ஷேமமும்

கள்ளக்குறிச்சி ஜில்லாவுக்குக் கடற்கரை கிடையாது. மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. கிழக்கே கடலூர்க் கரையை அடையச் சில மணி நேரம் பிரயாணம் செய்தாக வேண்டும். ஆயினும் சந்தை நாட்களில் இங்கே மீனுக்குக் குறைவில்லை. கடலூரிலிருந்து ஐஸ் பெட்டிகளில் வருவது ஒரு பங்கு. கோமுகி, மணிமுக்தா அணைகளிலும் ஏரிகளிலும் பிடிபடுவது ஒரு பங்கு. ஆந்திர தேசத்துக் குளங்களில் வளர்த்து லாரிகளில் அனுப்பப்படும் கட்லாவும் ரோகுவும் மற்றொரு பங்கு. வியட்நாம் தேசத்து மேகாங் நதிப் பிரதேசத்தில் வளர்த்து, முள் நீக்கி, உறையவைத்து அனுப்பப்படும் 'பாசா' மீனும் இப்போது நமது நாட்டு ஹோட்டல்களில் பரிமாறப்படுகிறது. இவற்றுள் எது எங்கே பிறந்தது, எதைத் தின்று வளர்ந்தது என்று வாங்குபவர் கேட்டால், விற்பவரால் பதில் சொல்ல முடிவதில்லை. அவருக்கும் அது தெரியாது என்பதே உண்மை.

மீன் வளர்ப்பை நாம் ஆட்சேபிக்கவில்லை. வளர்ப்பு மீன் உற்பத்தியில் உலகத்தில் இரண்டாவது ஸ்தானம் வகிக்கும் தேசம் நம்முடையது. ஏழைகளுக்கு மலிவான சத்துணவும், குடியானவர்களுக்கு வருமானமும் அதனால் கிடைக்கின்றன. நாம் கேட்பது ஒன்றே. கடல் மீனை இயற்கை வளர்க்கிறது. குளத்து மீனை மனிதன் வளர்க்கிறான். அவன் போட்ட தீனிக்கும் ஊற்றிய மருந்துக்கும் கணக்குக் கேட்கும் உரிமை, அதைச் சாப்பிடுகிறவனுக்கு உண்டா, இல்லையா?

தீங்கு எவ்வாறு விளைகிறது என்பதைக் கவனிப்போம். லாபத்தைக் கருதிச் சிறு குளத்தில் அளவுக்கு மிஞ்சிக் குஞ்சுகளை விடுகிறார்கள். நெருக்கத்தால் தண்ணீர் கெடுகிறது, நோய் பரவுகிறது. போட்ட முதலைக் காப்பாற்றக் கருதி, கடைக்காரர் சொன்ன ஆன்டிபயாடிக் மருந்தைக் கொட்டுகிறார்கள். 1994, 1995 வருஷங்களில் நமது இறால் குளங்களைச் சூறையாடிய வெண்புள்ளி நோய் வைரஸினால் உண்டாவது. அதற்கு இம்மருந்துகள் பயன்படவே மாட்டா. ஆயினும் பயம் பணத்தைச் செலவழிக்கச் செய்கிறது. குளோரம்பெனிகால் என்ற மருந்து, அபூர்வமாகவேனும், ரத்தத்தை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜையின் சக்தியையே அழித்துவிடக் கூடியது. உணவில் இவ்வளவு வரையில் இருந்தால் பாதகமில்லை என்று அதற்கு ஓர் எல்லை வகுக்க நிபுணர்களால் இயலவில்லை. நைட்ரோபியூரான் வகை மருந்துகள் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று அஞ்சப்படுகிறது. அவற்றின் சேஷம் சமையல் சூட்டினால் முற்றிலும் நீங்குவதில்லை. இவையெல்லாம் போக, மருந்துக்குப் பழகிப்போன கிருமிகள் பெருகுமானால், நாளை ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து பலிக்காமற் போகும்.

பிற தேசங்கள் இவ்விஷயத்தில் என்ன செய்திருக்கின்றன? சீனத்து இறாலில் குளோரம்பெனிகால் அகப்பட்டதும், 2002-ம் வருஷத் தொடக்கத்தில் ஐரோப்பிய யூனியன் அத்தேசத்து இறால் இறக்குமதியை நிறுத்திற்று. 2007-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா, சீனத்தில் வளர்த்த இறால், பாசா, கெளுத்தி, விலாங்கு முதலியவை குற்றமற்றவை என்று ருஜுவானாலன்றி உள்ளே விடுவதில்லை என்று உத்தரவிட்டது. 2016-ம் வருஷத்தில் நமது முறையும் வந்தது. இந்தியாவில் வளர்த்த இறால் சரக்குகளில் நூற்றுக்குப் பத்தைப் பரிசோதித்து வந்த ஐரோப்பிய யூனியன், அதை நூற்றுக்கு ஐம்பதாக உயர்த்திற்று.

இதெல்லாம் அந்நியரின் வியாபாரச் சூழ்ச்சி என்று சிலர் வாதிப்பதுண்டு. அமெரிக்க இறால் வியாபாரிகளுக்குத் தங்கள் லாபத்தில் அக்கறை இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பரிசோதனைச் சாலையின் குழாய்க்கு ஜாதியும் தெரியாது, தேசமும் தெரியாது. சரக்கில் விஷம் இருந்தது என்ற சாட்சியம் நிற்கும் வரையில், பிராது கொடுத்தவனுடைய நோக்கத்தை விசாரிப்பதால் பயனில்லை.

நமக்கு மனவருத்தம் தருவது வேறொன்று. ஐரோப்பாவுக்குப் போகும் வளர்ப்பு இறாலைக் குளத்திலிருந்து எடுப்பதற்கு முன்பே மருந்துச் சேஷம் உண்டா என்று பரிசோதிக்க, கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் ஏற்பாடு செய்திருக்கிறது. 2009-ம் வருஷத்தில் அனுமதிக்கப்பட்ட வன்னாமி இறால் பசிபிக் சமுத்திரத்து அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. அதன் தாய் இறால்களை வெளிநாட்டிலிருந்து தருவித்து, சென்னை நீலாங்கரையில் தனியே அடைத்து வைத்து, நோயில்லை என்று கண்ட பிறகே வெளியே விடுகிறார்கள். மெச்சத்தக்க ஏற்பாடுகள்தான். ஆனால் கள்ளக்குறிச்சிச் சந்தையில் ஒரு கூலிக்காரத் தாய் வாங்கும் அரைக் கிலோ மீனுக்கு இத்தகைய பந்தோபஸ்து எங்கே? அந்நியன் வீட்டு இலைக்கு ஒரு தராசு, சொந்த ஜனங்களின் இலைக்கு வேறொரு தராசு என்பது சுதந்திர தேசத்துக்கு அழகாகுமா?

சட்டம் இல்லையென்று சொல்ல முடியாது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி, கடற்கரையோர இறால் பண்ணைகளைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு கடுமையான தீர்ப்பு வழங்கிற்று. மீன் எவ்வாறு வளர்க்கப்படுகிறது என்பது பண்ணைக்காரரின் சொந்த விஷயமன்று, பொது ஜனங்களின் விஷயம் என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது. பின்னர் 2005-ம் வருஷத்துச் சட்டத்தின்படி கடலோர மீன் வளர்ப்பு ஆணையம் ஏற்பட்டது. ஆனால் அதன் அதிகாரம் கடலோரத்தோடு நின்றுவிடுகிறது. உள்நாட்டுக் குளங்கள் அதன் எல்லைக்குள் வருவதில்லை. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் மருந்துகளைக் கொடுப்பதற்கென்று இறக்குமதி செய்வதையும், தயாரிப்பதையும், விற்பதையும் மத்திய ஸர்க்கார் 2025-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தடை செய்தது. வரவேற்கிறோம். ஆனால் கெஜட்டில் அச்சான தடை தானாக நடந்து சந்தைக்கு வருவதில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு என்ன நேர்ந்தது? அதை வளர்க்கக் கூடாதென்று மத்திய ஸர்க்கார் தடுத்து இருபது வருஷங்களுக்கு மேலாகியும், கோழி இறைச்சிக் கழிவைப் போட்டு அதை மறைவாக வளர்க்கும் குளங்கள் தமிழ்நாட்டின் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டு வந்திருக்கின்றன. அம்மீன் ஒருமுறை கோமுகியில் புகுந்துவிட்டால், நமது நாட்டு மீன்களை அது தின்று தீர்ப்பதைத் தடுப்பவர் யார்? 1952-ம் வருஷத்தில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட திலேப்பியா, இன்று ஜிலேபிக் கெண்டை என்ற பெயருடன் நமது ஏரிகளில் நிலைத்துவிட்டது.

மெத்தனத்தின் விலை என்னவென்று இந்த ஜில்லாவுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில், ஆலைகளுக்குரிய மெதனால் கலந்த சாராயத்தால் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். அதிகாரிகள் மாற்றப்பட்டதும், விசாரணை பிறந்ததும் அதன் பிறகே. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! சாராயத்தையும் மீனையும் நாம் ஒன்றாகப் பாவிக்கவில்லை. ஆனால் ஒரே இரவில் கொல்லும் விஷத்துக்காவது விசாரணை உண்டு; பல வருஷங்களில் மெல்ல வேலை செய்யும் தீங்குக்கு அதுவும் கிடையாது. ஆகவே முன்யோசனை இங்கே இன்னும் அதிகமாக வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை அசாத்தியமானவை அல்ல. வளர்ப்பு மீன் வரும் ஒவ்வொரு பெட்டியிலும் பண்ணையின் ஊரும், பிடித்த தேதியும் தமிழில் எழுதப்பட வேண்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மாதந்தோறும் சந்தைகளிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதித்து, முடிவைச் சந்தை வாசலிலேயே ஒட்ட வேண்டும். உறையவைத்து இறக்குமதியாகும் மீனைப் பரிமாறும் ஹோட்டல்கள் அதன் தேசத்தைப் பலகையில் தெரிவிக்க வேண்டும். தண்டனை, குளத்தைக் குத்தகைக்கு எடுத்த சிறு குடியானவனோடு நின்றுவிடாமல், தடுத்த மருந்தை அவனுக்கு விற்றவனைத் தேடிப்போக வேண்டும். இன்ஸ்பெக்டர்களின் மாமூலுக்கு இன்னொரு வாசல் திறப்பதற்காக நாம் இதை எழுதவில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, கோமுகி, மணிமுக்தா அணைகளில் நல்ல நாட்டுக் கெண்டைக் குஞ்சுகளைத் தாராளமாக விட்டு, பிடிக்கும் உரிமையை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நியாயமான நிபந்தனைகளின் பேரில் அளிக்க வேண்டும். காலையில் பிடித்த மீன் அன்று மாலைக்குள் மலைக் கிராமத்துக்கும் போய்ச் சேருமானால், எங்கோ வளர்ந்த மீனை நம்பியிருக்க வேண்டிய அவசியம் பெரிதும் குறையும். தான் உண்பது எங்கிருந்து வந்தது என்று அறிந்து உண்பது பணக்கார தேசத்தாருக்கு மட்டும் உரிய பாக்கியமன்று. ஜில்லா அதிகாரிகள் இதை உணர்ந்து, அடுத்த மழைக்காலத்தில் அணைகள் நிரம்புவதற்கு முன் காரியத்தில் இறங்குவார்களென்று எதிர்பார்க்கிறோம்.