ஜூராவுக்கு ஒரே சாலை

மகள் கிளாஸ்கோவில் படிக்கிறாள். போன மே மாதம் பார்க்கப் போனபோது, எனக்குச் சொல்லாமலே இரண்டு நாள் தீவுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டி வைத்திருந்தாள். "பாதி உங்களுக்கு, பாதி எனக்கும்மா" என்றாள். எனக்கான பாதி ஜார்ஜ் ஆர்வெல். உயர்நிலைப் பள்ளியில் 'அனிமல் ஃபார்ம்' பாடமாக இருந்த நாளிலிருந்து அவர்மீது எனக்கு ஒரு பிடிப்பு. அவளுக்கான பாதி என்ன என்பது ஐலா தீவுக்குப் படகேறி, நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. விஸ்கி வடிப்பாலைகள்.

இந்தப் பத்தியில் முன்பு ஒருமுறை எழுதியிருக்கிறேன். அப்பா துறைமுகத் தொழிலாளி. கள்ளுக்கடை இருந்த காலத்தில் கள், அது போன பிறகு மலிவுச் சாராயம். சம்பள நாளன்று அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு துறைமுக வாசலில் நிற்பார், காசு கைமாறுவதற்குள் வாங்கிவிட. அப்பா போனபோது அவருக்கு 47, எனக்கு 12. எங்கள் வீட்டுக்குள் மது வந்ததே இல்லை. இப்போது மகளே டிக்கெட் எடுத்து என்னை அதன் பிறப்பிடத்துக்கு அழைத்துப் போகிறாள்!

ஐலாவில் முதல் நாள். ஊறவைத்த வாற்கோதுமையைத் தரையில் பரப்பி முளைகட்ட வைத்திருந்தார்கள். நம் வீட்டில் பயறு முளைகட்டுவோமே, அதேதான். இங்கே ஒரு கூடம் நிறைய. முளைவிட்டதைக் கரிநிலப் புகையில் உலர்த்துகிறார்கள். சதுப்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் மக்கி இறுகிய மண் அது. செங்கல் செங்கல்லாக வெட்டிக் காயவைத்தால் விறகுபோல எரிகிறது. அந்தப் புகைதான் ஐலா விஸ்கியின் வாசனை. எனக்கென்னவோ பழைய ஆஸ்பத்திரி வார்டின் மருந்து நெடிதான் மூக்கில் ஏறியது. வழிகாட்டிப் பெண்மணியிடம் சொன்னேன். "பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பிறகு அதற்காகவே வாங்குகிறார்கள்" என்று சிரித்தார்.

ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடந்தால்தான் ஸ்காட்ச் விஸ்கி என்று பெயர் வைக்கச் சட்டம் விடும். அதற்குள் ஆண்டுக்கு 2 விழுக்காடு அளவில் காற்றோடு போய்விடுமாம். அதைத் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். எங்கள் வீட்டில் பங்கு கேட்டு எந்தத் தேவதையும் வந்ததில்லை.

மறுநாள் போர்ட் ஆஸ்கேக்கிலிருந்து ஒரு சின்னப் படகில் ஜூரா. ஐந்தே நிமிடம்தான். ஜூராவின் பரப்பு ஏறத்தாழ சிங்கப்பூரில் பாதி, மக்கள்தொகை ஏறத்தாழ 200. எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றிலேயே அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். மான்கள் மட்டும் ஆயிரக்கணக்கில். தீவுக்கு ஒரே சாலை, அதுவும் ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்குகிறவருக்கு மற்றவர் கை அசைத்துவிட்டுத்தான் போகிறார். சில இடங்களில் தார்ச்சாலையின் நடுவிலேயே புல் முளைத்திருக்கிறது.

கிரேக்ஹவுஸ் என்ற ஊரில்தான் கடை, பள்ளி, ஹோட்டல், வடிப்பாலை எல்லாம். 1810-இல் தொடங்கிய வடிப்பாலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டுப் பாழடைந்துவிட்டது. ஆர்வெல் இங்கே இருந்த காலத்தில் ஜூராவில் விஸ்கி காய்ச்சவே இல்லை! நினைவுப் பொருள் வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மீண்டும் திறந்தது 1963-இல். ஊரைவிட்டு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், வேலை கொடுத்தால் தங்குவார்கள் என்று தீவின் நிலக்கிழார்கள் இருவர் சேர்ந்து கட்டினார்கள். அவர்களில் ஒருவர் ராபின் ஃபிளெட்சர், ஆர்வெல்லுக்கு வீட்டை வாடகைக்குக் கொடுத்தவர்.

வழிகாட்டி இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். எனக்கு நகர முடியவில்லை. குடி ஒரு வீட்டைக் காலி செய்ததைப் பார்த்தவள் நான். குடியால் ஒரு ஊர் காலியாகாமல் நின்றது என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சுவைக்கும் அறையில் ஆளுக்கு மூன்று சிறு குவளைகள். என் குவளைகளை நகர்த்தி வைத்தேன். மகள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, என்னைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள். முகர்ந்தாள், இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள், மெதுவாகக் குடித்தாள். பழக்கப்பட்ட கை அது. குடிக்காதவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் எடுத்துப்போக ஒரு குட்டிப் போத்தலில் ஊற்றித் தருகிறார்கள். எனக்கும் தந்தார்கள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வடக்கே போகப் போகச் சாலை மோசமாகி, ஓரிடத்தில் முடிந்தே போகிறது. அங்கிருந்து பார்ன்ஹில் வீட்டுக்குக் கரடுமுரடான மண்பாதை, ஆறேழு கிலோமீட்டர். நடந்தோம்.

"எப்பத்திலேர்ந்து?"

"இங்க வந்ததிலேர்ந்துதாம்மா. எப்பவாவது."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா நீங்க என்னைப் பார்க்க மாட்டீங்க. தாத்தாவைப் பார்ப்பீங்க."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவள் குவளையை எடுத்தபோது நான் பார்த்தது அவரைத்தான்.

பார்ன்ஹில் கடலைப் பார்த்த வெள்ளை வீடு. இன்றும் தனியார் வீடு என்பதால் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். ஆர்வெல் வந்தது 1946-இல். மனைவி இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. தத்தெடுத்த மகன் ரிச்சர்டுக்கு இரண்டு வயது. மின்சாரம் கிடையாது. தங்கை வீட்டைப் பார்த்துக்கொண்டார். அவர் காய்கறி போட்டார், மீன் பிடித்தார், அடுப்புக்குக் கரிநிலம் வெட்டினார். 1947 ஆகஸ்டில் கடல் ஓதத்தைத் தவறாகக் கணித்து, கோரிவ்ரெக்கன் நீர்ச்சுழி அருகே படகோடு போய்ச் சிக்கினார். இயந்திரம் கழன்று கடலில் விழுந்தது. கூடவே மூன்று வயது மகன். பாறைத்திட்டில் ஒதுங்கியவர்களை மீனவர்கள் வந்து காப்பாற்றினார்கள்.

காசநோய் முற்றி அந்த டிசம்பரில் மருத்துவமனை. ஏழு மாதம் கழித்து மீண்டும் இதே வீடு. நாவலின் கைப்படி அடித்தல் திருத்தல்களோடு கிடந்தது. தட்டச்சு செய்ய இவ்வளவு தூரம் வர ஆள் கிடைக்கவில்லை. படுக்கையில் சாய்ந்தபடி, சுருட்டிய புகையிலையை விடாமல், இருமிக்கொண்டே தாமே தட்டச்சு செய்து முடித்தார். 1949 ஜூனில் புத்தகம் வந்தது. 1950 ஜனவரியில் போய்விட்டார். வயது 46. நோய் தொற்றிவிடுமோ என்று மகனை அருகில் சேர்க்கவே அஞ்சியிருக்கிறார்.

சொன்னதைக் கேட்காத மனிதர்கள்மீது எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்றபோது, அது ஆர்வெல்மீதும் வந்தது. பிள்ளைக்காக இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாமே! மகளிடம் சொன்னேன். "இருந்திருந்தா புக் வந்திருக்காதும்மா" என்றாள். "தாத்தா என்ன புக் எழுதினார்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். திரும்பும் வழியில் வெகுதூரம் அவள் பேசவில்லை. பிறகு அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றுப் பள்ளத்தைத் தாண்டவைத்தாள்.

போக விரும்புகிறவர்களுக்கு: கிளாஸ்கோவிலிருந்து பேருந்தில் கென்னக்ரேக் துறை, அங்கிருந்து ஐலாவுக்குப் படகில் இரண்டு மணி நேரம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி பிய்த்தெடுக்கும். மே நல்ல மாதம். நல்ல காலணி அவசியம்.

அடுத்த மாதம் அப்பாவுக்குத் திவசம். படையலில் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, மொச்சை எல்லாம் வைப்போம். போத்தலை மட்டும் அம்மா கடைசிவரை வைத்ததில்லை. போன வாரம் மகள் தொலைபேசியில் கேட்டாள்: "அந்தக் குட்டிப் போத்தலை தாத்தாவுக்கு வைப்பீங்களா?"

அது இப்போது சமையலறையில், உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது. அவருக்கு வைத்தால் அம்மாவுக்கும் முன்னால்தான் வைத்ததாகும். இருவர் படமும் ஒரே சட்டத்தில் இருக்கிறது.